வராத ஆண்டின் விலை

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே உதைபந்தாட்டம் என்னும் பெயரால் வழங்கும் விளையாட்டு ஒன்று உண்டு. அப்பெயரைக் கேட்டவுடன் நம்மவர் காலால் உதைத்து ஆடும் ஆட்டத்தையே நினைப்பர். அமெரிக்கர் கருதுவது அதனை அன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், தோழனுக்கு எறிந்தும், எதிரியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர்தம் ஆட்டம். நமது நாட்டில் ஆடப்படும் றக்பி ஆட்டத்துக்கு அதனை ஒன்றுவிட்ட தம்பி எனலாம். அவ்வாட்டத்தின் நுணுக்கங்களிலே நான் வல்லவன் அல்லன். ஆயினும், அதன் இரசிகர்கள் ஆண்டுதோறும் நிகழ்த்தும் வழக்கு ஒன்று சில காலமாக என் சிந்தையைக் கவர்ந்து வருகின்றது. இன்னும் வராத ஓர் ஆண்டிலே, இன்னும் பெயர் தெரியாத ஓர் இளைஞனைத் தெரிந்தெடுக்கும் உரிமையை, இன்றைக்கே விற்றுவிட்டது தகுமா, தகாதா என்பதே அவ்வழக்கு.

அவ்வுரிமை எத்தகையது என்பதை முதலில் விளக்குதல் வேண்டும். அந்நாட்டுத் தேசிய உதைபந்தாட்டச் சங்கத்திலே 32 கழகங்கள் உள்ளன. பல்கலைக்கழகங்களில் ஆடித் தேர்ந்த இளைஞர், தாம் விரும்பிய கழகத்திலே நேரே போய்ச் சேர்ந்துவிட இயலாது. ஆண்டுதோறும் ஏப்பிரல் மாத இறுதியிலே கழகங்கள் யாவும் கூடி, ஏழு சுற்றுக்களில், ஒன்றன்பின் ஒன்றாக அவர்களைத் தெரிந்தெடுக்கும். அதிலே ஒரு நீதி உண்டு. சென்ற பருவத்தில் ஆகக் கடைசியாக நின்ற கழகமே முதலாவதாகத் தெரிவு செய்யும். சம்பியன் பட்டம் பெற்ற கழகம் எல்லார்க்கும் பின்னரே தெரிவு செய்யும். பந்தியிலே மிகவும் பசித்தவனுக்கு முதலில் இலை போடுவது போன்ற ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டை 1935ஆம் ஆண்டிலே முன்மொழிந்தவர், பிலடெல்பியா ஈகிள்ஸ் கழகத்தின் உரிமையாளராய் இருந்த பேர்ட் பெல் என்பவர். செல்வமும் புகழும் படைத்த கழகங்களே நல்ல ஆட்டக்காரர் அனைவரையும் வாரிக்கொண்டமையால், அவருடைய கழகம் தோல்விமேல் தோல்வி கண்டுகொண்டிருந்தது. 1936 பெப்ரவரியிலே முதலாவது தெரிவு நடைபெற்றது. அன்று முதற் பெயராக அழைக்கப்பட்டவர் சிக்காகோப் பல்கலைக்கழகத்து வீரர் ஜே பேர்வாங்கர். அவர் கேட்கக்கூடிய சம்பளம் தமக்குக் கட்டுப்படியாகாது என்று எண்ணிய பெல், அவரை ஒப்பந்தம் செய்யும் உரிமையைச் சிக்காகோ பெயார்ஸ் கழகத்துக்குக் கைமாற்றினார். பேர்வாங்கரோ அச்சங்கத்திலே ஒரு போட்டியேனும் ஆடினாரல்லர். ஆகவே, தெரிவுரிமை பிறந்த அதே ஆண்டிலேயே அதனைக் கைமாற்றும் வழக்கமும் பிறந்தது. வாங்கியவர் வெறுங்கையோடு நின்ற கதையும் உடன்பிறந்தது.

இக்காலத்திலே, இவ்வாண்டின் தெரிவை மாத்திரமன்றி, அடுத்த ஆண்டினதும் அதற்கடுத்த ஆண்டினதும் தெரிவுகளையும் கழகங்கள் பண்டமாற்றுச் செய்கின்றன. விநோதம் இங்கேதான் இருக்கின்றது. அடுத்த ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவு எத்தனையாவது இடத்தில் விழும் என்பது, அதனை விற்கும் நாளில் எவருக்கும் தெரியாது. விற்ற கழகம் நன்றாக ஆடிச் சம்பியனானால் அது 32ஆவது இடத்திலே விழும். கெட்டு நொந்து கடைசியாக வந்தால் முதலாவது இடத்திலே விழும். விற்றவன் எவ்வளவுக்கு வீழ்ச்சி அடைகின்றானோ, அவ்வளவுக்கு அவன் விற்ற பொருளின் பெறுமதி உயர்கின்றது. ஈடு வைத்த வளவின் சொந்தக்காரன் நோய்ப்படுந்தோறும் ஈட்டுத் தொகை தானாக ஏறுவதைப் போன்ற வியாபாரம் உலகிலே வேறெங்கேனும் உண்டோ என்று நான் வியந்ததுண்டு.

இரண்டு கழகங்களின் கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். 2017ஆம் ஆண்டிலே கன்சாஸ் சிற்றிக் கழகம், 27ஆவது இடத்திலிருந்து 10ஆவது இடத்துக்கு ஏறுவதற்காக, அவ்வாண்டின் மூன்றாஞ் சுற்றுத் தெரிவொன்றையும் 2018ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவையும் பபலோக் கழகத்துக்குக் கொடுத்தது. அவ்விடத்தில் அது எடுத்த இளைஞர் பற்றிக் மஹோம்ஸ். பந்தை எறிந்து ஆட்டத்தை வழிநடத்தும் அவரை முன்னிட்டு அக்கழகம் 2020, 2023, 2024ஆம் ஆண்டுகளின் பெப்ரவரி மாதங்களிலே சம்பியன் பட்டத்தைச் சூடியது. உரிமையை விற்ற பபலோக் கழகமோ, 2021 முதல் 2025 வரையுள்ள காலத்திலே பருவ இறுதிச் சுற்றுக்களில் நான்கு முறை அதே மஹோம்ஸின் அணியிடம் தோற்று வீடு திரும்பியது.

இனி மற்றைய கழகம். 2023ஆம் ஆண்டிலே கரோலினாக் கழகம், முதலாவது இடத்தைப் பெறுவதற்காகச் சிக்காகோக் கழகத்துக்குத் தன் ஒன்பதாவது இடத்தையும், இரண்டாஞ் சுற்றுத் தெரிவுகள் இரண்டையும், டீ. ஜே. மூர் என்ற சிறந்த ஆட்டக்காரரையும், இவற்றோடு 2024ஆம் ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவையும் கொடுத்தது. அவ்விடத்திலே பிறைஸ் யங் என்ற இளைஞரை எடுத்தது. அப்பருவத்தில் அக்கழகம் ஆடிய போட்டிகள் 17, வென்றவை 2. சங்கத்தின் அடிமட்டத்திலே அது விழுந்தமையால், 2024ஆம் ஆண்டின் முதலாவது தெரிவு அதற்கே உரியதாயிருந்திருக்கும். முன்னரே விற்றுவிட்ட காரணத்தால் அது சிக்காகோவுக்குப் போயிற்று. சிக்காகோ அதைக்கொண்டு கேலெப் வில்லியம்ஸ் என்பவரைத் தெரிந்தெடுத்தது. பந்தியின் முதலிலைக்குரிய பசியை எல்லாம் கரோலினா அனுபவித்தது. இலையில் அமர்ந்தவர் வேறொருவர்.

இவ்விரண்டையும் பார்த்த இரசிகர் முன்னதை மதிநுட்பம் என்பர், பின்னதை மடமை என்பர். விற்ற நாளிலே பார்த்தால் இரண்டு செய்கைகளும் ஒன்றுபோலவே தோன்றும்: இரண்டும் ஓர் இளைஞனை நம்பி வருங்காலத்தைக் கொடுத்தவையே. பலனைக் கண்டபின் காரியத்தை எடைபோடுவது உலக வழக்கம். மாணவர் தேர்வெழுதிய பின்னர் வினாக்களுக்கு விடை சொல்வதைப் போல அது மிகவும் எளிது. பலன் தெரியாத அந்த நாளிலேயே நின்று, இது தகும், இது தகாது என்று சொல்லக்கூடிய அளவுகோல் ஏதேனும் உண்டா என்பதே நமக்கு வேண்டிய வினா.

ஓர் அளவுகோல் உண்டென்று நினைக்கின்றேன். மஹோம்ஸைத் தெரிந்தெடுப்பதற்கு முந்திய பருவத்திலே கன்சாஸ் சிற்றிக் கழகம் 12 போட்டிகளில் வென்று 4 போட்டிகளில் தோற்றிருந்தது. ஏற்கெனவே வலிமை பெற்றிருந்த அக்கழகம் விற்ற அடுத்த ஆண்டுத் தெரிவு, கீழிடத்திலே விழும் என்று எதிர்பார்க்க நியாயமிருந்தது. கரோலினாவோ முந்திய பருவத்தில் 7 வென்று 10 தோற்றிருந்தது. வலிமையுள்ளவன் வருங்காலத்தை விற்றால் கொடுக்கும் விலை சிறிது. நலிந்தவன் விற்றால் விலை பெரிது. ஆயினும், விற்க வேண்டும் என்ற ஆசை நலிந்தவனையே அதிகம் பற்றுகின்றது. பசித்த வயிற்றோடு சந்தைக்குப் போனவன் பேரம் பேசமாட்டான்.

1999ஆம் ஆண்டிலே நியூ ஒர்லியன்ஸ் கழகத்தின் பயிற்றுநராய் இருந்த மைக் டிற்கா, றிக்கி வில்லியம்ஸ் என்ற ஒரே ஓட்டக்காரருக்காக, அவ்வாண்டில் தம்மிடம் இருந்த தெரிவுகள் அனைத்தையும், 2000ஆம் ஆண்டின் முதற்சுற்றையும் மூன்றாஞ் சுற்றையும் கொடுத்தார். முந்திய பருவத்தில் 6 வென்று 10 தோற்ற கழகம் அது. வாங்கிய பருவத்திலே வெற்றி மூன்றாகக் குறைந்தது. விற்ற தெரிவு 2000ஆம் ஆண்டில் இரண்டாவது இடத்திலே விழுந்தது. அப்பொழுது டிற்கா அங்கே இல்லை. பருவம் முடிந்தவுடனேயே பதவியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்.

வாஷிங்டன் கழகத்தின் கதையும் இதனைப் போன்றதே. 2012ஆம் ஆண்டிலே றொபேர்ட் கிரிபின் என்ற இளைஞருக்காக, அவ்வாண்டின் முதலிரு சுற்றுத் தெரிவுகளோடு 2013, 2014ஆம் ஆண்டுகளின் முதற்சுற்றுத் தெரிவுகளையும் அக்கழகம், அந்நாளிலே சென் லூயிஸ் நகரில் இருந்த றாம்ஸ் கழகத்துக்குக் கொடுத்தது. முதற் பருவத்திலே கிரிபின் வியக்கத்தக்கவாறு ஆடினார். 2013 சனவரியிலே முழங்காலில் அடிபட்டார். பின்னர் அந்தப் பழைய ஆட்டம் திரும்பவில்லை. 2014 டிசெம்பரில் இரு கழகங்களும் எதிரெதிரே நின்ற நாளிலே, நாணயச் சுண்டலுக்குச் செல்லும் தலைவர்களாக றாம்ஸ் பயிற்றுநர் யாரை அனுப்பினார் தெரியுமா? வாஷிங்டன் கொடுத்த உரிமைகளால் தாம் பெற்ற வீரர்களையே அனுப்பினார். கடன்பட்டவன் வீட்டு வாசலிலே கடன் பத்திரத்தை உரக்க வாசித்தது போலாயிற்று. அன்று றாம்ஸ் 24 புள்ளிகள் பெற்றது. வாஷிங்டன் ஒன்றும் பெறவில்லை. எனினும், இத்தனை உரிமைகளைப் பெற்ற றாம்ஸ் கழகமும் அவ்வாண்டுகளில் வெற்றியிலும் தோல்வியையே அதிகமாகக் கண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். விற்றவனுக்கு நட்டம் என்றால் வாங்கியவனுக்கு இலாபம் என்பது கட்டாயம் அன்று.

இந்த வியாபாரத்துக்கு விலைப்பட்டியலும் உண்டு. 1990களின் தொடக்கத்திலே, பொறியியல் கற்றவரும் டலஸ் கழகத்தின் பங்காளர்களில் ஒருவருமான மைக் மக்கோய் என்பவர் அதனை வகுத்தார். முதலாவது தெரிவுக்கு 3,000 புள்ளிகள். 32ஆவது தெரிவுக்கு 590 புள்ளிகள். இப்படியே கீழே இறங்கிச் செல்லும். அதற்குச் சிறிது முன்னர், 1989 ஒக்டோபரிலே, அக்கழகம் ஹேர்ஷல் வோக்கர் என்ற தன் தலைசிறந்த ஓட்டக்காரரை மினெசோற்றாக் கழகத்துக்குக் கொடுத்து, அதற்கு மாறாக ஐந்து ஆட்டக்காரரையும் பின்வரும் ஆண்டுகளின் தெரிவுரிமைகள் பலவற்றையும் பெற்றிருந்தது. அப்பருவத்திலே டலஸ் வென்ற போட்டி ஒன்றேயொன்று, தோற்றவை 15. ஆனால், பெற்ற உரிமைகளைக் கொண்டு எமிற் ஸ்மித் முதலிய இளைஞரைச் சேர்த்து, 1992, 1993, 1995ஆம் ஆண்டுப் பருவங்களிலே சம்பியன் ஆயிற்று. வருங்காலத்தை வாங்குவோருக்கு வேண்டிய பொறுமை எத்தகையது என்பதற்கு அந்த 15 தோல்விகளே சாட்சி.

வழக்கத்திலே இன்னொரு கணக்கும் உண்டு. அடுத்த ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவை இவ்வாண்டின் இரண்டாஞ் சுற்றுத் தெரிவுக்குச் சமமாக மதிப்பர். அதாவது, ஓர் ஆண்டு பொறுத்திருக்க ஒரு சுற்றுக் குறைப்பு. கேட்கும்பொழுது இது நியாயம்போலவே தோன்றும். கேட் மசி, றிச்சர்ட் தேலர் என்னும் அறிஞர் இருவர் இதனைக் கணக்கிட்டுப் பார்த்து, 2013ஆம் ஆண்டிலே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். தேலர் 2017ஆம் ஆண்டிலே பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். இக்கணக்கின்படி கழகங்கள் வருங்காலத்துக்கு இடும் வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டுகின்றதென அவர்கள் கண்டனர். நமது ஊரிலே அறாவட்டிக்காரர் என்று தூற்றப்பட்டவர்களும் அவ்வளவு கேட்டதில்லை. முன்னிடத்துத் தெரிவுகளுக்குக் கழகங்கள் தகுதிக்கு மிஞ்சிய விலை கொடுக்கின்றன என்பதும் அவர்களின் முடிபு. ஒரே ஆட்ட நிலையிலே முந்தித் தெரிவு செய்யப்பட்டவன், அவனுக்கு அடுத்துத் தெரிவு செய்யப்பட்டவனிலும் சிறந்தவனாக விளங்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பதைச் சற்றே தாண்டுமாம். ஏறக்குறைய நாணயம் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பு.

படித்தவர்கள், செல்வர்கள், கணக்கறிந்தவர்கள் நடத்தும் கழகங்கள் இவ்வளவு கொடிய வட்டிக்கு ஏன் கடன்படுகின்றன? இவ்வினாவுக்கு விடையை நான் நூல்களிலே தேடிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வீட்டுத் திண்ணைப் பேச்சிலே அது எதிர்பாராமற் கிடைத்தது.

என் மூத்த தமக்கையின் குடும்பம் நெடுங்காலமாக லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலே வாழ்கின்றது. 2024 சனவரியிலே நான் அவர்களிடம் சென்றிருந்தேன். தைப்பொங்கலுக்கு முதல்நாள் ஞாயிற்றுக்கிழமை மாலை, தமக்கையார் அடுக்களையில் மறுநாட் காரியங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடத்திலே அத்தானும் மருமகனும் தொலைக்காட்சியின்முன் அமர்ந்திருந்தனர். 2016ஆம் ஆண்டிலே அந்நகருக்குக் குடிபெயர்ந்த றாம்ஸ் கழகம் அன்று டெற்றோயிற் நகரிலே அந்நகரின் கழகத்தோடு மோதியது.

அம்மோதலுக்கு ஒரு முற்கதை உண்டு. 2021ஆம் ஆண்டிலே றாம்ஸ் கழகம், டெற்றோயிற்றிலே 12 பருவங்கள் ஆடியும் பருவ இறுதிச் சுற்றுப் போட்டி ஒன்றிலேனும் வெற்றி காணாத மத்தியூ ஸ்டபோர்ட் என்பவரைப் பெறுவதற்காக, தன் ஜெரட் கொஃபையும், 2021இன் மூன்றாஞ் சுற்றுத் தெரிவையும், 2022, 2023ஆம் ஆண்டுகளின் முதற்சுற்றுத் தெரிவுகளையும் கொடுத்தது. அடுத்த பருவத்திலேயே பலன் கிடைத்தது. 2022 பெப்ரவரி 13ஆம் திகதி, தன் சொந்த அரங்கிலேயே, 23க்கு 20 என்ற கணக்கில் சின்சினாற்றியை வென்று அக்கழகம் சம்பியன் ஆயிற்று. வெற்றி ஊர்வலத்திலே பொது முகாமையாளர் லெஸ் ஸ்னீட் தெரிவுரிமைகளை இகழும் வாசகம் பொறித்த சட்டை ஒன்றை அணிந்து வந்தார். குடும்பங்கள் வாசிக்கும் இப்பகுதியிலே அவ்வாசகத்தை எடுத்தெழுதுதல் தகாது. அதற்கடுத்த பருவத்தில் றாம்ஸ் 5 வென்று 12 தோற்றது. அதனால், டெற்றோயிற்றுக்கு விற்ற 2023ஆம் ஆண்டுத் தெரிவு ஆறாவது இடத்திலே விழுந்தது. டெற்றோயிற் அதனை மறுபடி பண்டமாற்றுச் செய்து, கிடைத்த இடங்களிலே ஜாமிர் கிப்ஸ், சாம் லபோற்றா என்னும் இளைஞர் இருவரைத் தெரிந்தெடுத்தது.

அன்று மாலை அவ்விருவரும் ஒருவர்பின் ஒருவராக றாம்ஸின் எல்லையைக் கடந்து புள்ளிகளைப் பெற்றனர். லபோற்றா கடந்தவுடன் என் மருமகன் தலையிலே கை வைத்துக்கொண்டான். அவன் அங்கே பிறந்தவன்; பல்கலைக்கழக மாணவன்; வீட்டிலே தமிழ் பேசி வளர்ந்தவன்.

"பாத்தியளே மாமா, எங்கடை தெரிவாலை எங்களுக்கே அடிக்கிறாங்கள். அந்த ரண்டு வருசத்தையும் வைச்சிருந்தால் இவங்கள் ரண்டு பேரும் எங்கடை பக்கத்திலை நிண்டிருப்பாங்கள்" என்றான்.

"நாங்கள் 177ஆவது இடத்திலை எடுத்த பெடியன் ஓடுற ஓட்டத்தையும் பார். முதற்சுற்று இல்லாமலும் ஆள் எடுக்கலாம்" என்றார் அத்தான். அவர் சுட்டியது பூக்கா நக்குவா என்ற இளைஞரை. ஐந்தாஞ் சுற்றிலே எடுக்கப்பட்ட அவர் அன்று ஒருவராகவே 181 யார் தூரத்தைக் கைப்பற்றினார்.

வாதம் வளர்ந்தது. விற்றது தவறு என்று மகனும், கிண்ணத்துக்கு முன்னால் இரண்டு தெரிவுகள் பெரிதல்ல என்று தந்தையும் சொன்னார்கள். இருவரும் என்னை நடுவராக்க முயன்றபொழுது, அத்தான் சற்றே தாழ்ந்த குரலிற் கூறினார்:

"தம்பி, எங்கடை ஐயா மேல்வீடு கட்டவெண்டு பனஞ்சிலாகையும் தீராந்தியும் அறுத்து அடுக்கி வைச்சவர். எத்தினை வருசம்! அடுத்த வருசம், அடுத்த வருசம் எண்டு தள்ளினவர். தொண்ணூற்றைஞ்சிலை எல்லாரும் வெளிக்கிட்டுப் போய்த் திரும்பி வரேக்கை, கீழ்வீடும் இல்லை, சிலாகையும் இல்லை. வைச்சது வைச்ச இடத்திலை இருக்கும் எண்டு என்னாலை நம்பேலாது. கிடைக்கேக்கை எடுக்கவேணும்."

கூடத்திலே சிறிது நேரம் பேச்சில்லை. பின்னர் மருமகன் மெல்லச் சொன்னான்:

"அப்பா, நீங்களே இப்பிடிச் சொல்லுறியள்? நான் பிறந்த நாளிலையிருந்து என்ரை படிப்புக்கெண்டு மாதம் மாதம் காசு போட்டது நீங்கள்தானே. அது நாளைக்கெண்டு வைச்சதில்லையோ?"

அத்தான் சிரித்தார். "அது வேறை. அது என்ரை. என்ரையை நான் நாளைக்குக் குடுக்கலாம். நாளையிலை இருக்கிறதை ஆர் எடுத்து இண்டைக்குக் குடுக்கிறது எண்டதுதான் கேள்வி."

தம் வாதத்துக்கே எதிரான உண்மையை அவர் அவ்வளவு இயல்பாகச் சொல்லிவிட்டார். 24க்கு 23 என்ற கணக்கிலே றாம்ஸ் தோற்றது. டெற்றோயிற் மக்கள், றாம்ஸ் வேண்டாமென்று கொடுத்த கொஃபின் பெயரை அரங்கம் அதிர முழங்கினர். 32 ஆண்டுகளின்பின் பருவ இறுதிச் சுற்றிலே அந்நகர் கண்ட முதல் வெற்றி அது. அடுக்களையிலிருந்து வந்த தமக்கையார், "ஆர் வெண்டது?" என்று கேட்டபொழுது தந்தையும் மகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

நான் தேடிய விடை அத்தானின் அச்சொல்லிலே இருந்தது. தன்னுடைய இன்றைக் குறுக்கி மகனுடைய நாளைக்குக் கொடுத்தவர் அவர். கொடுத்தது அவருடைய பொருள். பிறருடைய நாளையை எடுத்துத் தன்னுடைய இன்றுக்குக் கொடுப்பவரின் செய்கை அதற்கு நேர்மாறானது. கழகத்தின் வருங்காலத் தெரிவு, சட்டப்படி பார்த்தால் கழகத்துக்கு உரியது. நடைமுறையிலே பார்த்தால், அந்த ஆண்டிலே யார் பயிற்றுநராய் இருப்பாரோ, யார் முகாமையாளராய் இருப்பாரோ அவருக்கு உரியது. இன்றைய பயிற்றுநர் வெல்லாவிட்டால் அடுத்த ஆண்டு அவருக்கு இல்லை. இல்லாத ஆண்டின் பொருளுக்கு அவர் ஏன் விலை மதிக்க வேண்டும்? நூற்றுக்கு நூறு வட்டியென்ன, இருநூறு வட்டியும் அவருக்குப் பெரிதன்று. செலுத்தப்போவது அவர் அல்லர்.

மேலே சொன்ன கதைகளை மீண்டும் எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். நியூ ஒர்லியன்ஸிலே கடன் முதிர்ந்த நாளில் டிற்கா இல்லை. வாஷிங்டனிலே 2014ஆம் ஆண்டின் தெரிவு இரண்டாவது இடத்திலே விழுந்தபொழுது, அதனை விற்ற காலத்துப் பயிற்றுநர் மைக் ஷனகன் நீக்கப்பட்டிருந்தார். கரோலினாவிலே 2023 நவெம்பரில் பயிற்றுநர் பிராங்க் றைக் நீக்கப்பட்டார். 2024 சனவரியில் முகாமையாளரும் நீக்கப்பட்டார். ஏப்பிரலிலே சிக்காகோ அந்த முதலாவது தெரிவை எடுத்தபொழுது இருவரும் அக்கழகத்தில் இல்லை. நீதியாகச் சொல்வதானால், நன்மையிலும் இது நிகழ்வதுண்டு. மஹோம்ஸைத் தெரிந்தெடுத்த முகாமையாளர் ஜோன் டோர்சி இரண்டு மாதங்களுக்குள் கன்சாஸ் சிற்றியிலிருந்து விலக்கப்பட்டார். மூன்று சம்பியன் பட்டங்களையும் அவர் வெளியே நின்றுதான் பார்த்தார். நட்டாரும் உண்டாரும் வெவ்வேறாகிவிடுவது இவ்வுலகிலே புதிதன்று.

ஆகவே, ஒரு கழகம் தன் வருங்காலத்தை விற்றது தகுமா என்று கேட்பவர், இரண்டு வினாக்களை அந்த நாளிலேயே கேட்டுப் பார்க்கலாம். விற்றவர் வலிமையோடு நின்று விற்றாரா, பசியோடு நின்று விற்றாரா? விலையைச் செலுத்தும் நாளிலே அவர் அங்கே இருப்பாரா? றாம்ஸ் கழகம் ஸ்டபோர்ட்டை வாங்கிய பொழுது, முந்திய பருவத்தில் 10 வென்று 6 தோற்று, இறுதிச் சுற்றுக்களையும் எட்டியிருந்தது. 2022ஆம் ஆண்டின் 12 தோல்விகளிலும் பயிற்றுநர் ஷோன் மக்வேயும், அந்தச் சட்டையை அணிந்த லெஸ் ஸ்னீட்டும் அதே கதிரைகளில் அமர்ந்திருந்தனர். டெற்றோயிற்றிலே அவர்கள் விற்ற தெரிவே அவர்களை வீழ்த்தியபொழுதும் அவர்கள் அங்கேயே நின்றனர். தாம் எழுதிய கடன் பத்திரத்தைத் தாமே தீர்த்தவர்கள் அவர்கள். அதனால், அந்த வியாபாரம் தகும் என்பதே என் தீர்ப்பு. மருமகன் இதனை ஏற்கவில்லை. அவன் ஏற்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. அவனுக்கு முன்னால் எத்தனையோ பருவங்கள் இருக்கின்றன. அத்தானுக்கு அத்தனை இல்லை. ஒரே தெரிவுக்கு இருவரும் வெவ்வேறு விலை சொல்வது இயல்பே.

இரசிகரைப் பலர் எள்ளி நகையாடுவர். ஒரு காசும் பெறாத வழக்குக்காகத் தொண்டை வரளக் கத்துகின்றனர் என்பர். எனக்கு இப்பொழுது அவ்வாறு தோன்றவில்லை. பயிற்றுநர் மாறுவர், முகாமையாளர் மாறுவர், ஆட்டக்காரர் ஐந்தாறு பருவங்களில் ஓய்வர். இன்றைக்கும் நாளைக்கும் இரண்டுக்கும் உரிய இருக்கையில் அமர்ந்திருப்பவர் இரசிகர் ஒருவரே. தந்தை இறந்தபின் மகன் அதே கழகத்தின் நிறத்தை அணிகின்றான். விற்ற இன்பத்தையும் இழந்த துன்பத்தையும் முழுதாக அனுபவிப்பவர் அவர்களே. ஆகவே, அவ்வழக்கைப் பேசும் உரிமை மற்றெவரிலும் அவர்களுக்கே கூடுதலாக உண்டு. வராத ஆண்டுக்காக அந்த அறையிலே வாதாட வேறெவரும் இல்லை.

2025 ஏப்பிரலிலே மருமகனிடமிருந்து செய்தி வந்தது. 2017 முதல் 2023 வரை முதற்சுற்றிலே ஓர் இளைஞனையேனும் எடுக்காதிருந்த அதே றாம்ஸ் கழகம், இம்முறை எதிர்ப்பக்கத்தில் நின்றது. தன் 26ஆவது இடத்தை அற்லாண்டாக் கழகத்துக்குக் கொடுத்து, அதன் 2026ஆம் ஆண்டு முதற்சுற்றுத் தெரிவைப் பெற்றுக்கொண்டது. அற்லாண்டா இரசிகர் உடனே வழக்கைத் தொடங்கிவிட்டனர். மருமகன் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தான். கடைசியிலே அத்தான் கேட்கச் சொன்னதாக ஒரு வினாவையும் சேர்த்திருந்தான்.

"இனி அற்லாண்டா தோற்கவேணும் எண்டு பிள்ளையாருக்குத் தேங்காய் நேரலாமோ எண்டு அப்பா கேக்கிறார், மாமா."

நேரலாம், ஆனால், அந்தத் தெரிவாலே வரும் இளைஞன் வளர்ந்து ஆடுவதையும் இருந்து பார்க்கவேண்டும் என்று அதே தேங்காயிலே சேர்த்து நேர்ந்துகொள்ளச் சொல் என்று மறுமொழி எழுதினேன்.